டிடி பைக்குக்கு மலிவு விலை டிஸ்க் வீல்: வாங்கலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

இங்கிலாந்தில் பதினோரு வருடமாக வசிக்கும் வாசகர். வயது 43, எடை 78 கிலோ. மூன்று வருடமாக உள்ளூர் சைக்கிள் கிளப்பில் சேர்ந்து, கோடைகால மாலைகளில் 10 மைல் டைம் ட்ரையல் (சுருக்கமாக டிடி: தனியாக, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் சைக்கிள் பந்தயம்) ஓட்டுகிறார். இதுவரை அவருடைய சிறந்த நேரம் 24 நிமிடம் 40 வினாடி. இந்த வருடம் எப்படியாவது 24-க்குக் கீழே வந்துவிட வேண்டும் என்று ஆசை. வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்பன் டிடி பைக். ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பிரேக்), 11 ஸ்பீடு ஷிமானோ கியர். வண்டியோடு வந்த அலுமினியச் சக்கரங்கள்தான் இன்னும் ஓடுகின்றன. குளிர்காலப் பயிற்சிக்காகப் போட்ட, பஞ்சர் தாங்கும் கெட்டி டயரிலேயே பந்தயமும் ஓட்டுகிறார். மாதம் 50 பவுண்டு வீதம் பத்து மாதம் சேர்த்த 500 பவுண்டு கையில் இருக்கிறது. சீன இணையதளம் ஒன்றில் பெயர் இல்லாத கார்பன் டிஸ்க் வீல் 340 பவுண்டுக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. “டிஸ்க் போட்டா ஒரு நிமிஷம் குறையும்” என்று கிளப் நண்பர் சொன்னாராம். வாங்கலாமா, முன்சக்கரத்துக்கும் சேர்த்தே வாங்கலாமா, காற்றில் ஆளைத் தள்ளிவிடுமா, செப்டம்பரில் ஓட்டப்போகும் அரை அயர்ன்மேனுக்கும் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நீண்ட பந்தயம்) இதுவே ஆகுமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “வீட்டில் இன்னும் சொல்லவில்லை.”

அன்புள்ள நண்பருக்கு,

எடை, நேரம், வண்டி விவரம், பட்ஜெட் எல்லாவற்றையும் எழுதியதற்கு நன்றி. “எந்த வீல் நல்ல வீல்?” என்று மட்டும் கேட்பவர்களுக்கு என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடிவதில்லை. உங்களுக்குச் சொல்ல முடியும்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். டிஸ்க் வீல் வேறு, டிஸ்க் பிரேக் வேறு. இங்கே பேசுவது ஸ்போக்ஸ் கம்பி எதுவும் வெளியே தெரியாமல், இரண்டு பக்கமும் தட்டுப்போல் மூடியிருக்கும் சக்கரத்தைப் பற்றி. வேகமாகச் சுழலும் கம்பிகள் காற்றைக் கிழித்துக் கலக்கும். மூடிய சக்கரத்தில் அந்தக் கலக்கம் குறையும். பக்கவாட்டில் இருந்து சற்றே காற்று வீசினால் பாய்மரம்போலக் கொஞ்சம் முன்னேயும் தள்ளும். பின்சக்கரத்தை மூடுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்த ஒரு நிமிடம்

நீங்கள் இப்போது ஓட்டும் வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். நீங்களும் வண்டியும் உடையும் சேர்த்து 88 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சமதரையில் அந்த வேகத்துக்கு நீங்கள் போடும் சக்தி 250 வாட்டுக்குச் சற்று மேலே வரும். அதில் சுமார் 200 வாட் காற்றோடு போராடவே போய்விடுகிறது. அந்த 200-லும் பெரும்பங்கு உங்கள் உடம்புக்கு: தலை, தோள், கை, தொடை. சக்கரங்களுக்குச் சிறு பங்குதான். பின்சக்கரமோ உங்கள் கால்களும் ஃப்ரேமும் ஏற்கெனவே கலக்கிவிட்ட காற்றில் ஒளிந்து ஓடுகிறது.

உங்களுடைய சாதாரணப் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டால் 5 முதல் 8 வாட் மிச்சமாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10 மைலில் அது 11 முதல் 18 வினாடி. ஒரு நிமிடம் குறைய கிட்டத்தட்ட 30 வாட் வேண்டும். எந்தப் பின்சக்கரத்தாலும் உங்களுக்கு அதைத் தர முடியாது. நண்பர் பொய் சொல்லியிருக்க மாட்டார். டிஸ்க் வாங்கிய அதே மாதம் புது ஹெல்மெட்டும் உடம்போடு ஒட்டும் ஸ்கின்சூட்டும் வாங்கியிருப்பார், காற்றில்லாத ஒரு மாலையில் ஓட்டியிருப்பார். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது சக்கரம் என்பதால் பெயரும் அதற்கே போய்விடும்.

பெரிய அளவிலும் இதுவேதான் நடந்தது. 1984 ஜனவரியில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேர சாதனையை (ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் எவ்வளவு தூரம் என்பது) நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை உடைத்தார். முதலில் 50.808 கிலோமீட்டர், பிறகு 51.151. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் அதே ஊரில் ஓட்டிய 49.431 கிலோமீட்டர் அதுவரை அசையாமல் இருந்தது. மோசர் ஓட்டிய வண்டியின் இரண்டு சக்கரங்களும் மூடியவை. படத்தைப் பார்த்த உலகம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. உடம்போடு ஒட்டிய உடையும், காற்றுக்கேற்ப வளைத்த ஃப்ரேமும், அதற்கென்றே செய்த பயிற்சியும் பேச்சில் பின்னால் போய்விட்டன.

உங்கள் இலக்கு 24 நிமிடம். அதாவது 40 வினாடி. அதற்கு 19 வாட் போதும். அது எங்கே இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

டயர்

பஞ்சர் தாங்கும் கெட்டி டயர் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். அந்த மாதிரி டயரின் உருளும் தடையை, எடையின் பங்காகச் சொன்னால், 0.006 என்றும், பந்தய டயரோடு லேடெக்ஸ் ட்யூப் (மெல்லிய ரப்பர் ட்யூப்) போட்டால் 0.004 என்றும் வைத்துப் பாருங்கள். 88 கிலோவுக்கு, உங்கள் வேகத்தில், இடையில் இருக்கும் வித்தியாசம் 19 வாட். நீங்கள் தேடும் 40 வினாடி அப்படியே அங்கே கிடக்கிறது. உங்கள் டயர் நான் நினைப்பதைவிட நல்லதாக இருந்து, பாதிதான் கிடைத்தது என்றாலும் 20 வினாடி. டிஸ்க் வீல் தருவதைவிட அதிகம்.

இரண்டு டயர், இரண்டு லேடெக்ஸ் ட்யூப், பார்த்து வாங்கினால் 120 பவுண்டு அளவில் முடியும். லேடெக்ஸ் ட்யூபில் காற்று ஒரே நாளில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் அடிக்க வேண்டும். பந்தயத்துக்கு மட்டும் இந்த டயர், பயிற்சிக்குப் பழைய டயர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று சீசன் வரும். காற்றை 120 பிஎஸ்ஐ வரை இறுக்கி அடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இங்கத்திய சொரசொரப்பான தார்ச் சாலையில் இறுகிய டயர் துள்ளும். துள்ளுகிற ஒவ்வொரு முறையும் உங்கள் சக்தி வீணாகிறது.

மூடி போடும் வழி

டயர் மாற்றிய பிறகும் டிஸ்க் ஆசை இருந்தால், இருக்கும், அதில் தப்பே இல்லை, முதலில் பார்க்க வேண்டியது சக்கர மூடி. நீங்கள் வைத்திருக்கும் அலுமினியப் பின்சக்கரத்தின் மேலேயே இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டை வைத்து, ஸ்போக்ஸுக்கு இடையில் திருகு போட்டு இறுக்குவது. விலை 100 பவுண்டுக்கு முன்பின். காற்றுக்கு உள்ளே கார்பனா கம்பியா என்பது தெரியாது. வெளியே வழவழப்பாக இருக்கிறதா என்பதுதான் தெரியும். டிஸ்க் வீலின் பலனில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும்.

உங்களைப்போல ரிம் பிரேக் வைத்திருப்பவருக்கு இன்னொரு பெரிய வசதி: பிரேக் பிடிப்பது அலுமினியத்தின் மேலேயேதான். மழை பிடித்துக்கொண்டாலும் ரவுண்டானாவுக்கு முன் வண்டி நிற்கும். இங்கத்திய டைம் ட்ரையல் அமைப்பான சிடிடி நடத்தும் டைம் ட்ரையல்களில் மூடி போட்டவர்களை வாராவாரம் பார்க்கலாம். உலக சைக்கிள் சங்கமான யுசிஐயின் விதிப்படி நடக்கும் பந்தயத்துக்கு மட்டும் இதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அமைப்பாளரிடம் முதலில் கேளுங்கள்.

மாட்டும்போது ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கம் மூடி புடைத்து நிற்கும். செயின்ஸ்டேயில் (பெடல் அச்சில் இருந்து பின்சக்கரம் வரை போகும் ஃப்ரேம் குழாய்) உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு வண்டியில் உட்கார்ந்து, யாரையாவது பின்னால் நிற்கவைத்து, பெடலை அழுத்தியும் பாருங்கள். பாரம் ஏறினால் ஃப்ரேம் கொஞ்சம் வளையும். ஸ்டாண்டில் உரசாத மூடி சாலையில் உரசும்.

அந்த 340 பவுண்டுச் சக்கரம்

முதலில் விலை. 340 என்பது 340 இல்லை. 135 பவுண்டுக்கு மேற்பட்ட சரக்கு வெளிநாட்டில் இருந்து வந்தால் எல்லையில் 20 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி (VAT) கட்ட வேண்டும். அங்கேயே 408 ஆகிவிட்டது. சுங்க வரியும் கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் அதற்கு மேல். விற்பவர் “கிஃப்ட், 30 பவுண்டுன்னு போட்டு அனுப்பிடறேன்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய்க் கணக்கு, பொட்டலம் உங்கள் பெயரில் வருகிறது. வழியில் உடைந்துபோனால் நஷ்ட ஈடும் அந்த 30 பவுண்டுக்குத்தான்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது: கார்பன் ரிம்மில் பிரேக் பிடிப்பது. பிரேக் பேட் உரசும்போது சூடு கிளம்பும். அலுமினியம் அதைப் பரப்பி வெளியேற்றிவிடும். கார்பன் அப்படிச் செய்யாது, சூடு பேட் பட்ட இடத்திலேயே நிற்கும். கார்பன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ரெசின் மட்டமானதாக இருந்தால் இளகும். உள்ளே இருக்கும் டயர் காற்று ரிம்மின் உதட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இளகிய இடம் புடைக்கும், அல்லது வெடிக்கும். எல்லாச் சீனச் சக்கரமும் இப்படி என்று சொல்லவில்லை. பெயர் பெற்ற சக்கரங்களிலும் கணிசமானவை ஆசியத் தொழிற்சாலைகளில்தான் உருவாகின்றன, அங்கேயே பெயர்போட்டு, சோதித்து, உத்தரவாதம் கொடுத்து விற்கும் நல்ல நிறுவனங்களும் உண்டு. நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் எந்த டயர் அழுத்தம் வரை தாங்கும், எவ்வளவு எடையுள்ளவர் ஓட்டலாம், எந்த பிரேக் பேட் போட வேண்டும் என்ற மூன்றுமே இல்லை. கார்பன் கிளிஞ்சர் ரிம்மில் (உள்ளே ட்யூப் வைத்து டயர் மாட்டும் வகை) லேடெக்ஸ் ட்யூப் போடக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 40 வினாடியில் ஒரு பகுதியை இந்தச் சக்கரம் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

போன வருடம் என் பட்டறைக்கு ஒருவர் இதே மாதிரி பெயரில்லாத டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். “பிரேக் பிடிச்சா துடிக்குது, பேடை மாத்திக் குடுங்க” என்றார். சக்கரத்தைக் கழற்றி மடியில் படுக்கவைத்து, இரண்டு பென்ஸ் காசால் ரிம்மை ஒட்டி ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனேன். டிக், டிக், டிக் என்று தெளிவாக வந்த சத்தம் வால்வு ஓட்டையைத் தாண்டி நாலு விரல்கடை தள்ளி ‘தப்’ என்று அமுங்கியது. விரலை வைத்து அழுத்தினால் தோல் மட்டும் உள்ளே போய் வந்தது. கார்பன் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன. முந்தின ஞாயிறு அதில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கம் இறங்கியதாகச் சொன்னார். நான் பேட் மாற்றிக் கொடுக்கவில்லை. சக்கரத்தைத் திரும்ப மாட்டவும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்

உங்கள் வண்டி ரிம் பிரேக் என்பதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். இந்த விஷயத்தில் அதுதான் உங்கள் பலம். எல்லாரும் டிஸ்க் பிரேக்குக்கு மாறிக்கொண்டிருப்பதால், ஒரு காலத்தில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் விற்ற நல்ல ரிம் பிரேக் டிஸ்க் வீல்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. டயரைப் பசை போட்டு ஒட்டும் ட்யூபுலர் வகை இன்னும் மலிவு. கையில் இருக்கும் தொகைக்கு அசல் டிஸ்க்கே வேண்டும் என்றால் நான் தேடுவது இதைத்தான். ட்யூபுலர் ஒட்டுவதை மட்டும், தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். பசை சரியாகப் பிடிக்காத டயர் வளைவில் கழன்று வந்துவிடும்.

நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். காசு தட்டும் சோதனையை நீங்களே செய்யலாம். பிரேக் படும் இடம் குழிந்திருக்கிறதா, வால்வு ஓட்டையைச் சுற்றிக் கீறல் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு பொருத்தம்:

பின்பக்க ஹப் 130 மில்லிமீட்டர், குயிக் ரிலீஸ் வகையாக இருக்க வேண்டும். 142 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸில் சக்கரம் உங்கள் ஃப்ரேமில் ஏறாது.

ஃப்ரீஹப் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கான கேசட் உட்காரும் பகுதி) 11 ஸ்பீடுக்கானதா என்று கேளுங்கள். பழைய 10 ஸ்பீடு ஷிமானோ ஃப்ரீஹப் 1.85 மில்லிமீட்டர் குட்டை. உங்கள் கேசட் அதில் முழுதாக உட்காராது. ஏமாறுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

ரிம்மின் அகலம். பழைய டிடி ஃப்ரேம்களில் சீட் ட்யூப் (சீட்டைத் தாங்கும் ஃப்ரேம் குழாய்) சக்கரத்தை ஒட்டி வளைந்திருக்கும், பின்பிரேக் சிலவற்றில் பெடல் அச்சுக்குக் கீழே ஒளிந்திருக்கும். இன்றைய அகல ரிம்கள் அதற்குள் நுழையாது.

பிரேக் பேட் கார்பனுக்கானது தனி. அலுமினிய ரிம்மில் ஓடிய பழைய பேடில் உலோகத் துகள் ஒட்டியிருக்கும், அது கார்பனை அறுத்துவிடும்.

வால்வுக்கு ஒரு எல் வடிவ அடாப்டர் வாங்கி பையில் போட்டுவையுங்கள். டிஸ்க்கில் வால்வு இருக்கும் குழிக்குள் சாதாரண பம்ப்பின் தலை நுழையாது. ஸ்டார்ட்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கார் நிறுத்தத்தில் ஒவ்வொருவரிடமும் “அடாப்டர் இருக்கா?” என்று கேட்டு அலைபவர்களை நான் வருடாவருடம் பார்க்கிறேன்.

சட்டப் பாதுகாப்பு யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்துக் கடையில் இணையம் வழியாக வாங்கினால், கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ஆர்டரை ரத்து செய்யலாம். பொருளில் குறை இருந்தால் 2015-ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கடைக்காரர் கைவிரித்தால், 1974-ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. இடையில் வேறொரு கட்டணச் செயலியோ சந்தைத் தளமோ புகுந்தால் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். தனிநபரிடம் வாங்கினால் இவை எதுவும் கிடையாது. அவர் எழுத்தில் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் பிடி. அதனால் “விபத்தில் சிக்கியதில்லை, விரிசல் இல்லை” என்று செய்தியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்று, முன்சக்கரம், அயர்ன்மேன்

ஆளைத் தள்ளுவது முன்சக்கரம்தான். அதன் மேல் காற்று அடித்தால் ஹேண்டில்பார் திரும்பும். பின்சக்கரம் திரும்பாது, உங்கள் எடையும் அதன் மேல் இருக்கிறது. பின்னால் டிஸ்க், முன்னால் நடுத்தர ஆழமுள்ள ரிம் என்றால் ஓட்டப் பழகியவர் பெரும்பாலான நாட்களில் சமாளிப்பார். முன்னாலும் டிஸ்க் என்பது கூரையால் மூடிய வெலோட்ரோமுக்கு (சைக்கிள் பந்தய அரங்கம்) உரியது. லாரிகள் உரசிக்கொண்டு போகும் இரட்டைச் சாலையில் அதை யோசிக்கவே வேண்டாம்.

அரை அயர்ன்மேனுக்குப் பின்சக்கர டிஸ்க்கைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். ஆனாலும் உங்கள் பந்தயத்தின் வழிகாட்டிக் குறிப்பை வரிவரியாகப் படியுங்கள். ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் அங்குள்ள காற்றுக்குப் பயந்து பல வருடம் டிஸ்க்கையே தடைசெய்திருந்தார்கள். 90 கிலோமீட்டரில் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். அந்த நாளுக்கு, ஒட்டிய ட்யூபுலரைவிட, மூடி போட்ட உங்கள் சக்கரம்தான் எனக்கு நிம்மதியாகத் தெரிகிறது. கூட்டமாக ஓட்டும் கிளப் ரைடுக்கும் சாலைப் பந்தயத்துக்கும் டிஸ்க்கைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆகவே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் டயரும் ட்யூபும் வாங்குவேன். இரண்டு மாலை ஓட்டி நேரம் பார்ப்பேன். பிறகு மூடி. மொத்தம் 220 பவுண்டு அளவில் முடியும். மீதி 280-ஐ அப்படியே வைத்திருந்து, நல்ல செகண்ட் ஹேண்ட் டிஸ்க் கண்ணில் படும்வரை பொறுத்திருப்பேன். டிஸ்க் வீல் ஓடும்போது வரும் அந்த ‘வூம், வூம்’ சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகவே வாங்குவதாக இருந்தாலும் வாங்குங்கள், அதை அப்படியே சொல்லி வாங்குங்கள்.

வீட்டிலும் அப்படியே சொல்லுங்கள். பத்து மாதம் சேர்த்தது உங்கள் பணம்தான். ஆனால் இவ்வளவு பெரிய கறுப்புத் தட்டை எந்தக் கேரேஜிலும் ஒளித்துவைக்க முடியாது. 120 பவுண்டில் தொடங்குகிறேன், மீதி கையில் இருக்கிறது என்று சொல்வது, 408 பவுண்டுப் பொட்டலம் வாசலில் வந்து நின்ற பிறகு விளக்கம் சொல்வதைவிடச் சுலபம்.

ஃப்ரேமில் பின்சக்கரம் சுழலும் இடத்தை மூன்று இடங்களில் அளந்து அனுப்புங்கள்: செயின்ஸ்டேக்களுக்கு நடுவில், சீட் ட்யூபுக்கும் டயருக்கும் இடையில், பிரேக்கை முழுதாகத் திறந்துவைத்தால் இரண்டு பேடுக்கும் நடுவில். எந்த அகலம் வரை ரிம் நுழையும் என்று பார்த்துச் சொல்கிறேன்.